ஓர் ஒயில் சீலின் விலை

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை மட்டக்களப்பில் இறங்கியதும் எனக்கு ஒரே விதமான கேள்வி வரத் தொடங்கிவிடும். ஜேர்மனியிலிருந்து வரும், சுவிற்சர்லாந்திலிருந்து வரும், கனடாவிலிருந்தும் வரும். "படுவான்கரையில் எங்கள் ஊர் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுவிட்டது. இங்கே இராணுவம் கழித்துவிட்ட பெரிய லொறிகள் மலிவாகக் கிடைக்கின்றன. நான்கு சில்லும் இழுக்கும். இடுப்பளவு தண்ணீரிலும் போகும். ஊர்ச் சங்கத்தின் பெயரில் ஒன்றை வாங்கி அனுப்பினால் என்ன?"

கேட்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. பனிக்காலத்தில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தை, விட்டு வந்த ஊருக்குச் செலவிட விரும்புகிறவர்கள் அவர்கள். ஆனாலும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த லொறியின் முன்சில்லில் உள்ள ஓர் ஒயில் சீல் கிழிந்தால், அது எந்த ஊரில், எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கும்? இதற்கு விடை தெரிந்த பிறகு லொறியின் விலையைப் பேசலாம் என்பது என் கட்சி. அதை ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்கு முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்குப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம், சூரியன் எழும் கரை, எனவே எழுவான்கரை. மேற்குப் பக்கம் சூரியன் படும் கரை, எனவே படுவான்கரை. பிரதான வீதி, பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, பெருங்கடைகள் யாவும் எழுவான்கரையிலும் நகரிலும். வயலும் குளமும் மாடும் படுவான்கரையில். நெல்லும் பாலும் அங்கிருந்து இங்கே வரும். நோயாளியும் மாணவனும் விண்ணப்பப் படிவம் ஏந்தியவர்களும் இங்கே வந்து திரும்ப வேண்டும்.

இரண்டு கரைகளையும் இணைப்பவை ஒருசில பாலங்களே. வலையிறவுப் பாலம், பட்டிருப்புப் பாலம், அவற்றுக்கு இடையே ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2014 ஏப்ரலில் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம். அதற்கு முன்னர் மண்முனையில் 'பாதை'தான் ஓடியது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கும் வழி மட்டுமல்ல. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதையில் போன அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஆனால் பாலம் வாவியைத்தான் கடக்கும். அதற்கு அப்பால் உள்ள கிறவல் வீதிகளை அது உயர்த்தாது. பெருமழையில் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, ஆறுகளும் பெருகி வந்து சேரும்போது, பள்ளமான வீதியெல்லாம் ஓடையாகிவிடும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களில் நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மட்டக்களப்பு முன்வரிசையில் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே, வெள்ளத்தில் ஓடக்கூடிய வாகனம் வேண்டும் என்ற கோரிக்கையில் மிகை ஏதும் இல்லை.

அப்படியொரு வாகனம் இல்லாத இடத்தில் இப்போது எது ஓடுகிறது? உழவு இயந்திரமும் அதன் பெட்டியும். வெள்ளக் காலத்தில் படுவான்கரையின் அம்புலன்ஸ், பஸ், நிவாரண லொறி எல்லாம் அதுதான். அதன் ஆபத்தை நாம் 2024 நவம்பர் 26 அன்று கண்டோம். அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து அடித்துச் செல்லப்பட்டது. விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரத்தின் பின்சில்லு பெரியது, பாரமானது. சேற்றில் பிடித்து நிற்கும். பின்னால் இழுபடும் பெட்டியோ தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். பக்கவாட்டில் ஓடும் நீர் அந்தப் பெட்டியைத் தள்ளினால் முன்னால் உள்ள இயந்திரத்தையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஆட்களை ஏற்றவென்று செய்யப்பட்ட சாதனம் அல்ல அது.

இங்கேதான் ஐரோப்பாவின் பெரிய லொறிகள் கண்ணைக் கவர்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது யுனிமொக். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், ஜேர்மனியில் அதன் முதல் மாதிரி ஓடியது. இன்று இராணுவ வாகனமாக அறியப்படும் இது உண்மையில் உழவனுக்காகப் பிறந்தது. இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்துமாறு அதன் சில்லுகளுக்கிடையிலான அகலத்தை அமைத்தார்கள். 1951இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அதைத் தானே உற்பத்திசெய்யத் தொடங்கியது. மற்ற லொறிகளில் அச்சு சில்லின் நடுவில் போய்ச் சேரும். யுனிமொக்கில் அது நடுவுக்கு மேலே நிற்கும். ஒவ்வொரு சில்லின் முனையிலும் தனியாக ஒரு பற்சில்லுப் பெட்டி இருந்து, மேலே வரும் சுழற்சியைக் கீழே உள்ள சில்லுக்கு இறக்கும். அதனால் வண்டியின் வயிறு நிலத்திலிருந்து வெகு உயரத்தில் நிற்கிறது. கல்லும் சேறும் தட்டுவதில்லை.

அந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலைதான் நான் மேலே சொன்ன ஒயில் சீல். நான்கு சில்லிலும் நான்கு பற்சில்லுப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயில், தனி சீல், தனி பெயரிங். ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால்போல் வெளுக்கும். அதைக் கவனித்து உடனே மாற்றாவிட்டால் பெயரிங்கும் பற்சில்லும் துருப்பிடித்து அரைபடும். எங்கள் வாவியோ உவர்நீர் வாவி. துருவுக்கு அது விருந்து வைக்கும். ஆகவே ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் இந்த லொறிக்குப் பிறந்த ஊரிலிருந்து மருந்து வரவேண்டும்.

சிலர் கேட்பார்கள், "பென்ஸ் எஞ்சின்தானே, டாடா லொறியின் பாகம் பொருந்தாதா?" என்று. கேள்வியில் நியாயம் உண்டு. டாடா நிறுவனம் 1954 முதல் 1969 வரை பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து லொறி செய்தது. இலங்கை வீதிகளில் ஓடிய டாடா லொறிகளின் எஞ்சின்கள் அந்தப் பரம்பரையில் வந்தவை. பழைய இராணுவ யுனிமொக்குகள் பலவற்றில் உள்ள ஓஎம் 352 எஞ்சினுக்கு எங்கள் நாட்டில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆகவே எஞ்சினை எங்கள் மெக்கானிக்குகள் எப்படியாவது உயிர்ப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த அச்சுக்கும் சில்லுமுனைப் பெட்டிக்கும் இங்கே உறவினர் எவரும் இல்லை. டயரும் அப்படியே. எங்கள் லொறிகள் 8.25-20, 9.00-20, 10.00-20 என்று ஓடுகின்றன. அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்கிறார்கள். யுனிமொக்கின் 12.5-20 அளவு டயரை மட்டக்களப்பு டயர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

யுனிமொக்காவது இன்றும் உற்பத்தியாகிறது. சுவிஸ் நண்பர்கள் சொல்லும் சௌரர் லொறிகளின் நிலை இன்னும் கடினம். உறுதியான வாகனம், சுவிஸ் இராணுவத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் அந்த நிறுவனம் 1980களிலேயே லொறி உற்பத்தியிலிருந்து விலகிவிட்டது. பெற்ற தாயே இல்லாத பிள்ளையை வெப்பவலயத்து உவர்நீருக்கு அனுப்பி, வளர்த்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

அதற்கு முன்னால் துறைமுகம் இருக்கிறது. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கத்தில் ஓடுபவை, ஸ்டியரிங் வலப்பக்கம். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இராணுவம் கழித்தவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம். சாதாரணமாக அவற்றைப் பதிவுசெய்ய முடியாது. விசேட அனுமதி வேண்டும். பாவித்த லொறிகளுக்கு வயதெல்லையும் உண்டு. அது சில ஆண்டுகள்தான். நண்பர்கள் காட்டும் லொறிகளுக்கோ முப்பது, நாற்பது வயது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காட்டி வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் வாகனங்களுக்கான கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். இதற்கிடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒவ்வொரு திருகாணியும் இரண்டு மாதத்துக்குள் அந்த விகிதத்தில் விலை ஏறியது. பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கும் வாகனத்தை வைத்திருந்தவர்களே தவித்தார்கள்.

'அரசு நினைத்தால் முடியாதா' என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. அது எங்கள் மக்களுக்கு நன்கு அறிமுகமானது. இனிய அறிமுகம் அல்ல. போர்க்காலத்தில் மட்டக்களப்பு வீதிகளில் உறுமிய 'பவல்' கவச வாகனத்தை மறந்தவர் யார்? தென்னாபிரிக்கா யுனிமொக்கின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பஃபல் என்ற கண்ணிவெடித் தாங்கு வாகனம் அது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை இராணுவம் அதை வாங்கியது. அக்காலத்தில் தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியின் காரணமாக ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதத் தடைக்கு உட்பட்டிருந்த நாடு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாகனமும் பாகமும் வருமென்று எவரும் நம்பியிருக்க முடியாது. இலங்கை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு யுனிகோர்ன் என்றும், பின்னர் யுனிபஃபல் என்றும் உள்ளூர் வடிவங்களைத் தானே கட்டத் தொடங்கியது. நாட்டில் எளிதாகக் கிடைக்கும் லொறிகளின் பாகங்களை அவற்றில் பொருத்தினார்கள்.

அந்த வாகனங்கள் எங்கள் மக்களுக்குச் செய்ததை நான் இங்கே எழுத வரவில்லை. அது வேறு கணக்கு. பாடம் மட்டும் இது: கருவூலமும் பட்டறையும் பொறியியலாளர் படையும் வைத்திருந்த ஓர் அரசே, வெளிநாட்டுப் பாகத்தை நம்பாமல் உள்ளூர் லொறியின் பாகத்துக்கு இறங்கி வந்தது. படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் எதை நம்பி யுனிமொக்கைப் பொறுப்பேற்கும்?

உதிரிப்பாகத்தின் அருமை படுவான்கரைக்குப் புதிதுமல்ல. போர்க்காலத்தில் வாவியின் அந்தக் கரை ஒரு கட்டுப்பாட்டில், இந்தக் கரை இன்னொரு கட்டுப்பாட்டில். சோதனைச்சாவடியில் எரிபொருளும் உரமும் மின்கலமும் கணக்குப் பார்க்கப்பட்டன. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் இணைப்பில்கூட பேனாவிளக்கு மின்கலம் தடைப்பட்ட பொருள்களில் ஒன்றாக நின்றது. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியன கட்டுப்படுத்தப்பட்டவையாக நின்றன. அந்த ஆண்டுகளில் அங்கே ஓடியவை எவை? பழைய மெசி பெர்குசன் உழவு இயந்திரங்கள். 1960களில் வந்த 35, 135 இலக்க இயந்திரங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை உழுதன. காரணம் மந்திரமல்ல. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அதே குடும்பத்து இயந்திரங்களை இந்தியாவில் செய்துகொண்டேயிருந்தது. பாகம் வந்துகொண்டேயிருந்தது. வராத நாளில் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளக்கூடிய அளவுக்கு அந்த இயந்திரம் எளிமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களின் கதையும் இதுவே. எங்கள் மெக்கானிக்குகளின் கைத்திறனைப் பற்றி நாம் பெருமை கொள்கிறோம்; கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கை ஒரு புஷ்ஷைக் கடையும். கடினமாக்கப்பட்ட ஜேர்மன் பற்சில்லைக் கடையாது.

சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று விட்டுச்சென்ற உயரமான லொறி ஒன்று, ஒரு வளவில் வேப்பமரத்தின் கீழ் நின்றது. எஞ்சின் நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கோடு தொடர்புடைய ஏதோ ஒரு பாகத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்ததாகச் சொன்னார்கள். பெட்டியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதே வளவின் மறுபுறத்தில் இருபது வயதான இந்திய லொறியொன்றுக்கு நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் இந்திய லொறி மார்பளவு வெள்ளத்தில் போகுமா?" என்று கேட்கலாம். போகாது. ஆனால் யுனிமொக்கும் எல்லா வெள்ளத்திலும் போகாது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். தேங்கி நிற்கும் நீரில் உயரம் காப்பாற்றும். பாய்ந்து ஓடும் நீரில், வீதி அரித்துப்போனது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எந்த லொறியும் கவிழும். உயரமான வண்டி இருக்கிறது என்ற துணிவில் மூடவேண்டிய வீதியைத் திறந்து வைத்தால், இன்னொரு மாவடிப்பள்ளியை நாமே ஏற்பாடு செய்தவர்களாவோம். வருடத்தில் பத்து நாள் வெள்ளத்துக்கு வேண்டியது, மிச்சம் முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் நெல்லும் கல்லும் ஏற்றி ஓடி, அதனாலேயே பழுதின்றி நிற்கும் வாகனம். ஓடாமல் வெள்ளத்துக்காகக் காத்து நிற்கும் வாகனம் வெள்ளம் வரும் அன்று கிளம்பாது.

எனவே உதவ விரும்பும் நண்பர்களுக்கு என் யோசனை இது.

வலப்பக்க ஸ்டியரிங்குள்ள, இலங்கையில் முகவரும் பாகமும் உள்ள இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அசோக் லேலண்டின் இலங்கைக் கிளை 1982 முதல் இங்கே இயங்குகிறது. டாடாவுக்கும் நிலையான முகவர் உண்டு. இந்திய இராணுவத்தில் பெருந்தொகையாக ஓடும் ஸ்டாலியன் என்ற நான்கு சில்லும் இழுக்கும் லொறி சென்னை நிறுவனத்தின் பொறியமைப்பே. அத்தகைய ஒன்றை மாவட்டச் செயலகத்தின் ஊடாகக் கேட்டுப் பெறுவது, ஜேர்மன் ஏலத்தில் தனியாக ஒன்றை எடுப்பதைவிடக் கடினமாகத் தோன்றலாம். ஆனால் பத்தாவது ஆண்டில் எது ஓடிக்கொண்டிருக்கும் என்பதை எண்ணுங்கள்.

அப்படியும் ஐரோப்பிய லொறிதான் என்றால், சேர்த்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை லொறிக்குக் கொடுக்காதீர்கள். அதற்குச் சீலும் பெயரிங்கும் வடிகட்டியும் பிரேக் உருப்படிகளும் இரண்டு டயரும் வாங்கி, லொறியோடு அதே கப்பலில் ஏற்றுங்கள். ஒன்றை வாங்காமல் ஒரே மாதிரி இரண்டை வாங்குங்கள். நாளை ஒன்று மற்றதற்கு உதிரிப்பாகமாகும். பழுதுபார்க்கும் கைநூலைத் தமிழில் பெயர்த்துக் கொடுங்கள். அங்கே கராஜில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடுமுறையில் வந்து மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேருக்கு அந்த அச்சைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்தால், அது லொறியைவிடப் பெரிய நன்கொடை.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு வழிவகுத்தது. அனர்த்தப் பணிக்கென்று மாவட்டத்தில் நிற்கும் வாகனங்களின் உதிரிப்பாகங்களை, எந்த இறக்குமதித் தடை வந்தாலும் தடைப்படாத பொருளாக அந்த நிலையத்தின் ஊடாக வரச் செய்ய வேண்டும். வெள்ளத்தில் பிரசவ வலியோடு வாவிக்கு அக்கரையில் நிற்கும் பெண்ணுக்கு, கொழும்பில் ஒரு கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பது தெரியவேண்டிய அவசியமில்லை.

அடுத்த மாரிக்கு முன் எழுதும் நண்பர்கள் லொறியின் படத்தோடு அதன் பாகப் பட்டியலையும் அனுப்புங்கள். பட்டியலைப் படுவான்கரையில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவோம். அவர் அதில் எத்தனை பாகத்தை இங்கே வாங்கலாம் என்று குறிக்கிறாரோ, அதைப் பார்த்து முடிவெடுப்போம்.